அவள் கட்டிய பெட்டி

பெட்டி கட்டுவதில் என்னை மிஞ்ச பாகூரில் ஆள் கிடையாது. தற்பெருமை அடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. நான் பிறந்தது செலியமேடு, வாழ்க்கைப்பட்டது பாகூர். வந்த புதிதிலேயே எங்கள் தெருவில் யார் வெளியூர் கிளம்பினாலும், "அந்தப் பொண்ணக் கூப்புடுங்க, அது வந்து கட்டினாத்தான் பெட்டி ஒழுங்கா போய்ச் சேரும்" என்று ஆள் அனுப்புவார்கள். நானும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவேன்.

பெட்டி கட்ட அப்படி என்ன வித்தை வேண்டிக்கிடக்கிறது என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சாவடி தெரியாது. அப்போது பாகூர் பிரெஞ்சுக்காரன் ஊர். புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரன் ஊர்தான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இங்கிலீஷ்காரன் பூமி குறுக்கே கிடந்தது. மாட்டுவண்டியில் போகிறவர்கள் நடுவழியில் அவன் சாவடியில் இறங்கி, பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். பிரெஞ்சுப் பட்டு இருக்கிறதா, சாராயப் புட்டி இருக்கிறதா என்று சேவகன் கையை விட்டுக் கிளறுவான். வீட்டில் பார்த்துப் பார்த்து மடித்து வைத்ததெல்லாம் புழுதியில் கிடக்கும். திரும்ப அள்ளித் திணித்தால் மூடி மூடாது. வாய் பிளந்த பெட்டியைக் கயிற்றால் சுற்றிக்கொண்டு கப்பலுக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

என் வழி வேறு. பெட்டிக்குள் முதலில் ஒரு பெரிய துப்பட்டியை விரிப்பேன். அதன் முனைகள் வெளியே தொங்கும். கனமானது அடியில், லேசானது மேலே, எல்லாவற்றையும் தட்டையாக மடித்து அடுக்கி, இடுக்குகளில் சின்னச் சாமான்களைச் செருகி, துப்பட்டி முனைகளை இழுத்து மேலே ஒரே முடிச்சாகப் போடுவேன். சாவடியில் அந்த முடிச்சைப் பிடித்து மூட்டையாகவே வெளியே தூக்கி வைத்து அவிழ்த்துக் காட்டலாம். அவன் பார்த்து முடித்ததும் முடிந்து உள்ளே இறக்கிவிடலாம். ஒரு துணி மண்ணில் விழாது. நான் கட்டின பெட்டி சாவடியில் எப்படித் திறந்ததோ அப்படியே மூடும். ஊரில் எனக்குப் பேர் வந்தது அதனால்தான்.

என் வீட்டுக்காரர் முதல் தடவை சைகோனுக்குப் போனபோதும் அப்படித்தான் கட்டினேன். கல்யாணம் ஆகி வருஷம் திரும்பவில்லை. பங்காளிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது எங்கள் பாகத்துக்கு வந்தது தண்ணீர் ஏறாத மேடு. அதில் கரும்பும் வரவில்லை, நெல்லும் வரவில்லை. சைகோன் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, எங்கள் பக்கத்து ஆம்பளைகள் பலர் அங்கே வேலையில் இருந்தார்கள். துறைமுகக் கிடங்கில் காவல் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், இவர் கிளம்பிவிட்டார். கால்சட்டை, காக்கிச் சட்டை, வேட்டி, கம்பளி, கருவாடு, வடகம், பீங்கான் ஜாடியில் எலுமிச்சங்காய் ஊறுகாய். பூச்சி அரிக்காமல் இருக்க அடுக்குக்கு அடுக்கு காய்ந்த வேப்பிலை. மூடி எழும்பிக்கொண்டு நின்றது. நானும் அத்தையும் அதன்மேல் உட்கார்ந்து அழுத்தித்தான் பூட்டினோம்.

அத்தை என்றால் என் மாமியார். அவள் புருஷன் எப்போதோ செத்துப்போய்விட்டார், பிள்ளை ஒருத்தர்தான். அவர் கப்பல் ஏறினபிறகு அந்த வீட்டில் எனக்கு அவள், அவளுக்கு நான். நல்ல வாய்க்காரி, ஆனால் என்னை ஒருநாளும் தள்ளிப் பேசினதில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறோம்.

சைகோனில் இருப்பவர்களுக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை நீண்ட லீவு கிடைக்கும். கொன்ழே என்பார்கள். முதல் கொன்ழேவுக்கு அவர் வந்து இறங்கினபோது பெட்டியை நடுவீட்டில் வைத்தார்கள். தெருப் பெண்கள் பாதிப்பேர் வாசலில் கூடிவிட்டார்கள். யாரையும் தொடவிடவில்லை. நான் கட்டி அனுப்பின பெட்டி, நான்தான் திறப்பேன் என்று உட்கார்ந்தேன்.

திறந்தவள் கையை உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் துப்பட்டி மூட்டையைக் காணோம். எல்லாத் துணியும் சுருட்டியிருந்தது. வேட்டி, சட்டை, கால்சட்டை ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருள், விரல் நுழையாத இறுக்கம். சுருள்களைப் படுக்கப் போடவில்லை, நெட்டுக்கு நிற்க வைத்திருந்தது. மேலிருந்து பார்த்தாலே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. ஒன்றை உருவினேன், மற்றது அசையவில்லை. பூட்சுக்குள் காலுறை, காலுறைக்குள் சவரக் கத்தி. நானும் அத்தையும் மேலே உட்கார்ந்து மூடினோமே, அதே துணிமணி, இப்போது பெட்டியில் பாதிதான் இருந்தது. மீதிப் பாதியில் எங்களுக்கென்று வாங்கி வந்த பட்டுத்துணியும் விசிறியும் பீங்கான் கிண்ணங்களும். அத்தனை தூரம் கப்பலில் வந்து ஒரு கிண்ணத்தில்கூடக் கீறல் இல்லை. துப்பட்டி அடியில் மடித்துக் கிடந்தது, வேலை இல்லாமல்.

"சாவடியில இன்னா பண்ணாங்க?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்க.

"அவன் கையே வைக்கலடி. தொறந்தான், பாத்தான், யாருய்யா இவ்ளோ லட்சணமா கட்டினதுன்னு கேட்டான், மூடிட்டான்."

சேவகன் என் முடிச்சைப் பார்த்து ஒருநாளும் லட்சணம் என்று சொன்னதில்லை.

"யாரு கட்டினது?"

"கூட வேலை செய்யிறவன் ஒருத்தன்."

எல்லாரும் போனபிறகு ஒவ்வொரு சுருளாக எடுத்துப் பிரித்தேன். சட்டைக்கெல்லாம் பித்தான் போட்டுச் சுருட்டியிருந்தது. எந்த ஆம்பளை சட்டைக்குப் பித்தான் போட்டு மடிப்பான்? நான் அனுப்பும்போது ஒரு காக்கிச் சட்டைக்கு நடுப்பித்தான் இல்லை, அவசரத்தில் விட்டுவிட்டேன். இப்போது இருந்தது. நாங்கள் பித்தான் தைத்தால் நூல் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று போகும். இதில் இரண்டு கோடாக நேராகப் போயிருந்தது. மூலையில் வேப்பிலை இல்லை. சின்னத் துணி முடிச்சில் அன்னாசிப்பூ. பட்டை லவங்கத்தோடு செட்டியார் கடையில் விற்குமே, அதே அன்னாசிப்பூ. பெட்டி முழுக்க வாசனை. என் வேப்பிலைக்கு இந்த வாசனை ஏது.

"உங்ககூட வேலை செய்யிறவன் பித்தானும் தைப்பானா?" என்றேன்.

"தையக்காரன் கிட்ட குடுத்தேன்."

"தையக்காரன் அன்னாசிப்பூவும் முடிஞ்சி குடுப்பானா?"

அவர் எழுந்து வயல் பக்கம் போய்விட்டார். அது அவர் வழக்கம். சண்டைக்கு ஆள் நிற்காது. கத்துகிறவள் சுவரோடு கத்தவேண்டியதுதான்.

எங்கள் மேலண்டை வீட்டுக்காரி ஒருத்தி, புருஷனோடு சைகோனில் குடித்தனம் பண்ணிவிட்டு வந்தவள். வெயில் இல்லாத நாளிலும் குடை பிடித்துக்கொண்டு நடப்பாள். அவளைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. என்னை இட்டுக்கொண்டு போகாத ஊரை இவள் பார்த்துவிட்டு வந்திருக்கிறாளே என்கிற எரிச்சல்தான், மறைப்பானேன். அவள் மறுநாள் வந்தாள், பிரிக்காமல் மிச்சமிருந்த இரண்டு சுருளைப் பார்த்தாள், "அந்த ஊர் பொம்பளைங்க இப்பிடித்தான் சுருட்டுவாங்க. கைசுத்தம்னா கைசுத்தம்" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்னது சொன்னதுதானே.

அத்தைக்கும் காதில் விழுந்தது. அடுப்படியிலிருந்து வந்தாள். "எவளாவது சுருட்டட்டும், கழுத்துல தாலி இருக்கறவ நீதான்டி" என்றாள். அன்று மாலை மகனைப் பிடித்து அவள் கேட்ட கேள்வி தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அந்தக் கைகாரி வெளங்குவாளா, வெட்கங்கெட்டவனே, வூட்டுல பொண்டாட்டி இருக்கச்சே உனக்கு இது தேவையா என்று. எனக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று சொல்லி முடியாது.

அவர் கடைசியில் இதைத்தான் சொன்னார்: "அடுத்த கொன்ழேவுக்கு வரும்போது உன்ன இட்டுக்கினு போறேன். அம்மா மேல சத்தியம்." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்த ஊருக்குப் போகவேண்டும், அவர் துணியை நான் மடிக்கவேண்டும், அவள் கையில் அந்தப் பெட்டி இருக்கக்கூடாது.

அந்தத் தடவை அவர் புறப்பட்டபோது வீம்புக்கு என் வழியிலேயே கட்டினேன். அதே துப்பட்டி. அதில் ஒரு மூலையில் எலி கடித்த ஓட்டை இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். அதே ஜாடியில் ஊறுகாய். வேப்பிலையை இரண்டு பிடி கூடவே போட்டேன். அவள் திறக்கும்போது முதலில் என் முடிச்சைத்தான் அவிழ்க்கவேண்டும். அவிழ்க்கட்டும், இந்த ஆளுக்கு ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியட்டும் என்று நினைத்தேன்.

பிறகு அந்த நினைப்பே என்னைத் தின்றது. அவள் அவிழ்த்துப் பார்த்துச் சிரித்திருப்பாளோ. என்ன கட்டியிருக்கிறாள் பார், பெட்டியில் பாதி இடம் வீண் என்று அவரிடம் சொல்லியிருப்பாளோ. இவரும் சேர்ந்து சிரித்திருப்பாரோ. அவள் சிவப்பா கறுப்பா, வயசு என்ன, அழகா என்றெல்லாம் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவள் கையைத்தான் நினைத்தேன். நாற்று நடும்போது நினைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது நினைத்தேன். என் கையைவிடத் தேர்ந்த கை ஒன்று அங்கே இருக்கிறது, அது என் புருஷன் சட்டையை மடிக்கிறது.

அந்தக் கொன்ழேவில் எனக்கு ஒன்று தங்கியது. மூன்றாம் மாசம் தங்காமல் போய்விட்டது. அத்தைதான் கஷாயம் வைத்துக் கொடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். "சைகோன் போனதும் எல்லாம் சரியா பூடும்டி" என்பாள். நானும் தலையை ஆட்டுவேன்.

அவள் வித்தையைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டேன். முதலில் வெறுமனே சுருட்டிப் பார்த்தேன், விட்டதும் பிரிந்துகொண்டது. சணலால் கட்டிப் பார்த்தேன், அவள் சுருளில் கட்டு இல்லையே. எப்படி நின்றது? நான் அன்றைக்குப் பிரித்த அவசரத்தில் கவனிக்கவில்லை. என் புடவை, அத்தை புடவை, தலையணை உறை, கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுருட்டினேன். ஒருநாள் தானாக விளங்கிற்று. துணியின் ஒரு ஓரத்தை நாலு விரல் அகலம் வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும். மறுமுனையிலிருந்து காற்றுப் போகும்படி முழங்காலால் அழுத்திக்கொண்டே சுருட்டி வரவேண்டும். வந்து சேர்ந்ததும் அந்த நாலு விரல் மடிப்பைச் சுருளின்மேல் பிரட்டிப் போட்டால் பூட்டிக்கொள்ளும். தூக்கி எறிந்தாலும் பிரியாது. தூக்கி எறிந்தும் பார்த்தேன்.

"என் பொடவையத் தேடினா மொறத்துல நின்னுக்கினு இருக்குது. நல்ல மருமவள கட்டினேன்" என்று அத்தை சிரித்தாள். அவளே எடுத்து, அவளே பிரட்டிப் பார்த்து, "கெட்டிக்காரிதான் அவ" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நீ அதுக்கு மேல" என்றாள்.

இரண்டாவது கொன்ழே வந்தது. இந்தத் தடவை வாசலைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அதே சுருள்கள், அதே வாசனை. அடியில் என் துப்பட்டி, வெளுத்து மடித்து வைத்திருந்தது. விரித்தேன். எலி கடித்த ஓட்டையைக் காணவில்லை. தேடித்தான் கண்டுபிடித்தேன். நூல் நூலாகப் பின்னி இழையோடு இழை சேர்த்திருந்தாள். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரிந்தது. ஊறுகாய் ஜாடியும் வந்திருந்தது. கழுவி, உள்ளே அந்த ஊர்த் தேயிலை நிரப்பி, வாயை வாழைநாரால் கட்டியிருந்தாள்.

வாங்கின பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். அவளுக்கும் யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் அனுப்பியிருக்கிறாள். இவருக்கில்லை, அத்தைக்கில்லை, எனக்கு. சண்டைக்கு வருகிறவளை ஏசலாம், இவளை என்ன செய்வது? தேயிலையைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டினேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாடியை எறிய மனசு வரவில்லை, அது என் அம்மா கொடுத்தது.

கொன்ழே முழுக்க நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எப்போது கப்பலுக்குச் சொல்லப்போகிறீர்கள், என் பேரையும் எழுதியாயிற்றா என்று. அவர் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே நாளைக் கடத்தினார். ஒருநாள் மேலண்டை வீட்டுக்காரி, அவள் புருஷன், அத்தை எல்லாரும் கூட இருக்கும்போது விடாமல் கேட்டேன். அவர் சிரித்தார்.

"கப்பல் கீழ்த்தட்டுல வூட்டுக்கு ஒரு பெட்டிதான்டி உடுவான். என் துணிக்கே பத்தல. பெட்டியில எடம் இருந்தா உன்ன இட்டுக்கினு போவ மாட்டனா?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. "எடம் இருந்தா இட்டுக்கினு போவியா?" என்றாள். "போறேம்மா" என்றார். "சொன்ன சொல்லு" என்றாள் அத்தை.

எனக்கு அது போதும். அவர் தட்டிக் கழிக்கத்தான் சொன்னார், எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் நாலு பேர் நடுவில் சொல்லியாயிற்று. இடம்தானே வேண்டும். இந்த ஊரில் இடம் பண்ண என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

புறப்படுவதற்கு முன்னால் கப்பல் காகிதத்தில் முத்திரை வாங்கவேண்டும் என்று அவர் விடியற்காலையிலேயே புதுச்சேரிக்குப் போனார். நான் பெட்டியை நடுவீட்டில் இழுத்துப் போட்டேன். துப்பட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன், இந்தத் தடவை அதற்கு வேலை இல்லை. ஒவ்வொன்றாகச் சுருட்டினேன். கால்சட்டையின் இரண்டு காலையும் நீளவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று போட்டு, கம்பளியை மட்டும் தட்டையாக அடியில் பரப்பி, சட்டைகளுக்குப் பித்தான் போட்டு, கையை உள்ளே மடக்கி, காலர் நசுங்காமல் திருப்பி. பூட்சுக்குள் காலுறை, காலுறைக்குள் கத்தி. எல்லாவற்றையும் நெட்டுக்கு நிறுத்தினேன். அவள் கட்டியபோது பெட்டியில் பாதி வந்தது. எனக்குப் பாதிக்கும் கீழேதான் வந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடியம்மா" என்று வாயில் கைவைத்தாள்.

மிச்சப் பாதியில் என் புடவைகளை நிறுத்தினேன். அரக்கு, பச்சை, கல்யாணக் கூரை. ரவிக்கைகள், சீப்பு, முகம் பார்க்கிற கண்ணாடி. இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. மேலண்டை வீட்டுக்காரியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினேன், அவளும் பார்க்கட்டும் என்று. அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அங்கத்தக்காரிங்ககூட இப்பிடிக் கட்ட மாட்டாங்க" என்றாள். அன்று ஒருநாள்தான் அவளை எனக்குப் பிடித்தது. பகல் பூரா எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், அவளை ஜெயித்துவிட்டேன் என்கிற கர்வம் ஒரு பக்கம். கப்பலை விட்டு இறங்கி அவள் எதிரில் நின்று இந்தப் பெட்டியைத் திறப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் சாய்வதற்குள் அவர் வந்துவிட்டார். அக்குளில் ஒரு காகிதப் பொட்டலம். பெட்டி திறந்தே கிடந்தது. நானும் அத்தையும் இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தோம்.

"எடம் இருந்தா இட்டுக்கினு போறேன்னு சொன்ன. எடம் இருக்குது பாத்துக்க" என்றாள் அத்தை.

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டி முன்னால் மண்டியிட்டார். சுருள்களின்மேல் கையை ஓட்டினார். தன் சட்டைகள்மேல் ஓட்டினார், என் புடவைகள்மேல் ஓட்டினார்.

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"நீங்க கொண்டாந்த பெட்டிதான்."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கோபம் இல்லை, சங்கடமும் இல்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது. சரி, மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். அவர் என் கூரைப்புடவையை எடுத்தார். பார்ப்பதற்கு எடுக்கிறார் என்று நினைத்தேன். பாய்மேல் வைத்தார். பச்சையை எடுத்தார், அரக்கை எடுத்தார், ஒவ்வொன்றாக, வீசாமல், பதவிசாகத்தான் வைத்தார். அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தார்.

சரிகைக் கரை போட்ட பாவாடை. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. கொஞ்சம் கண்ணாடி வளையல், என் நாலு விரலைச் சேர்த்தாலும் நுழையாத அளவு.

"எதுல வச்சிக் கொண்டுபோறதுன்னு புதுச்சேரியில இருந்து யோசிச்சிக்கினே வந்தேன். நல்ல வேளை, நீ எடம் பண்ணி வச்ச" என்றார்.

மனுஷர் அதை மனசாரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஏமாற்றுகிற முகமாக இருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். பெரிய பாவாடையை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். பள்ளிக்கூடம் போகிற வயசுப் பெண்ணுக்குச் சரியாக இருக்கும். அப்படியானால் நான் பித்தான் நூலுக்குச் சண்டை போட்ட அந்த முதல் கொன்ழேவிலேயே இவருடைய பெண் அங்கே தவழ்ந்துகொண்டு இருந்திருக்கிறாள். இவர் என் எதிரில் உட்கார்ந்து தையக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் இப்போது வாயைத் திறப்பாள், இந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள், அந்தப் பாவாடையைத் தெருவில் எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, நானே கேட்போம் என்று கேட்டேன்.

"பேரு இன்னா வச்சீங்க?"

சின்னவள் பேரைச் சொன்னார், அந்த ஊர்ப் பேர், எனக்கு வாயில் நுழையவில்லை. பெரியவள் பேரைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். முதல் பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பேரைத்தான் வைக்கவேண்டும் எங்களுக்கு. எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் அவளுக்கு விழவேண்டிய பேர் அது. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதனால் அந்தப் பெண்ணின் பேரை நான் ஒருநாளும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லவில்லை.

அத்தை வந்து, பாய்மேல் கிடந்த என் புடவைகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த பாவாடையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, கரையை நீவிவிட்டபடியே மகனைக் கேட்டாள்:

"பெரியவ பாக்க என்னாட்டம் இருப்பாளாப்பா?"